வடக்குச் சரிவிலிருந்து வந்த காளான்

செப்டம்பர் 9

உணவுக் கதிரியக்க ஆய்வுக்கூடத்தின் மூத்த ஆய்வாளர் அம்மையார் அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் மனைவி எழுதுகிறேன். அவர் போன பிறகு இந்த மூன்று வருடத்தில் நமக்குள் நடந்த கடிதப் போக்குவரத்து இவ்வளவுதான்: மழைக்காலம் முடிந்ததும் நான் ஒரு டப்பா காய்ந்த காளான் அனுப்புவேன், ‘வந்து சேர்ந்தது’ என்று இரண்டே சொல்லில் நீங்கள் ஓர் அட்டை போடுவீர்கள். பாப்பா என்று எழுதிப் பழகிய கை. இன்று அப்படி எழுத வரவில்லை. அதனால்தான் மேலே பதவியைப் போட்டேன்.

போன வாரம் சந்தை அலுவலகத்தின் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். காட்டுக் காளான்களில் இயற்கைக் கதிரியக்கம் என்று தலைப்பு, அடியில் உங்கள் கையெழுத்து. கண்ணாடியை நான் எடுத்துப் போகவில்லை. என் கொட்டகையில் காளான் அரிகிற ஆறு பெண்களில் ஒருத்தியான குட்டையம்மாதான் படித்துச் சொன்னாள். அட்டவணையில் நான்காவது வரி, கிலோவுக்கு ஆயிரத்து நானூறு பெக்கரல். பக்கத்தில் யாரோ சிவப்பு மையில் ‘வரம்பு 600’ என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருந்தார்கள். அதே வரியில் மாதிரி கிடைத்த இடம்: வடக்குச் சரிவு, பழைய பாலத்துக்கு மேல். அந்தச் சொற்கள் என்னுடையவை. போன வருடம் உங்களுக்கு அனுப்பிய டப்பாவின் மூடியில் நான் எழுதி ஒட்டியது.

காளான் பொறுக்குகிறவர்கள் இடத்தைச் சொல்லமாட்டார்கள் என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நீங்களும் அந்தச் சரிவில் வளர்ந்தவர்தான். கூடப் பிறந்தவர்களே ஆளுக்கொரு பாதையில் ஏறி ஆளுக்கொரு பாதையில் இறங்குகிற தொழில் இது. உங்களுக்குப் போகும் டப்பாவில் மட்டும் இடமும் தேதியும் எழுதுவது உங்கள் அண்ணன் ஆரம்பித்த பழக்கம். “எங்க பறிச்சதுன்னு தெரிஞ்சு சாப்பிடட்டும், அவளுக்கு அதுல ஒரு ருசி இருக்கு” என்பார். சாப்பிடக் கொடுத்ததை நீங்கள் மெஷினில் வைத்திருக்கிறீர்கள்.

மொத்த வியாபாரி நாற்பது மூட்டையையும் திருப்பிக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். அவர் தங்கமான மனிதர்தான். “நான் நம்பறேம்மா, வாங்கறவன் நம்பணுமே” என்றார். அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், தாளைப் படித்துப் பயந்த அதே ஆட்களில் ஏழு பேர் மறுநாளே கூடையோடு வடக்குச் சரிவில் நின்றார்கள். எண் அவர்களுக்குப் புரியவில்லை, இடம் நன்றாகப் புரிந்துவிட்டது.

இந்த வருடம் டப்பாவை எதிர்பார்க்க வேண்டாம்.

உங்கள் அண்ணன் மனைவி


செப்டம்பர் 17

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. தவறை முதலில் ஒப்புக்கொள்கிறேன். சந்தைகளில் பதினொரு மாதிரி வாங்கினோம். எங்கே பறித்தது என்று கேட்டால் எல்லா வியாபாரிகளும் மலைப்பக்கம் என்றார்கள். அப்படிச் சொன்ன ஒருவர் கையைக் கடல்பக்கம் நீட்டினார். இடமும் நாளும் உறுதியாகத் தெரிந்த ஒரே காளான் என் சமையலறை அலமாரியில் இருந்தது. ஒரு பிடியை எடுத்துக்கொண்டு போனேன். மூடியில் இருந்ததை அப்படியே படிவத்தில் எழுதினேன், அப்படியே அச்சாகிவிட்டது. உங்களைக் கேட்டிருக்க வேண்டும்.

எண்ணைப் பொறுத்தவரை, அது சரியான எண். ஒரு பெக்கரல் என்றால் நொடிக்கு ஒரு தடவை கதிர் வீசுவது. ஆனால் பலகையில் ஒட்டியவர்கள் அதைப் புரிந்துகொண்ட விதம் சரியல்ல. அது பொட்டாசியத்திலிருந்து வருவது. வாழைப்பழம், உருளைக்கிழங்கு, பால் எல்லாவற்றிலும் பொட்டாசியம் இருக்கிறது. அதில் மிகச் சிறு பங்கு படைப்பிலேயே கதிர் வீசும். உங்கள் உடம்பிலும் என் உடம்பிலும் இதே பொருள் நொடிக்கு நாலாயிரம் தடவைக்கு மேல் கதிர் வீசிக்கொண்டிருக்கிறது. கூடுதலாகச் சாப்பிட்டால் உடம்பு கூடுதலை வெளியே தள்ளிவிடும். தவிர, ஆயிரத்து நானூறு என்பது காய்ந்த காளானுக்கு. சமைக்கும்போது அது ஊறிப் பத்து மடங்கு கனமாகிவிடுகிறது. சிவப்பு மையில் எழுதிய 600, அணு விபத்தில் சிதறும் வேறொரு பொருளுக்கு வைத்த வரம்பு. இரண்டையும் ஒப்பிடுவது ஒருவருடைய உயரத்திலிருந்து இன்னொருவருடைய எடையைக் கழிப்பது போன்றது.

இதையெல்லாம் சந்தை அலுவலகத்துக்கு விளக்கி எழுதிவிட்டேன். இடப்பெயர் இல்லாத புதிய தாள் வரும். அந்த ஏழு பேர் விஷயத்தில் நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

ஓர் உதவி வேண்டும். மறுத்தாலும் புரிந்துகொள்வேன். காளான் சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து உண்டா என்று கணக்கிட, அவர்கள் வருடத்துக்கு எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று தெரிய வேண்டும். நகரத்தில் முந்நூறு வீடுகளில் கேட்டிருக்கிறோம். பொறுக்குகிறவர்கள் வீட்டில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. இது எங்கள் ஆய்வில் உள்ள குறை. படிவம் ஒன்றை இணைத்திருக்கிறேன்.

தங்கள் நாத்தனார்


செப்டம்பர் 28

ஆய்வாளர் அவர்களுக்கு,

படிவத்தைப் பார்த்தேன். உங்கள் கட்டங்கள் ரொம்பச் சின்னவை, என் பதில்கள் அதற்குள் அடங்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

வீட்டில் உள்ளவர்கள் எத்தனை பேர்? ஒன்று. வாரத்துக்கு எத்தனை முறை காளான் சாப்பிடுகிறீர்கள்? அதிகபட்சம் ‘மூன்றுக்கு மேல்’ என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறீர்கள். பதினான்கு முறை. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. உங்கள் முந்நூறு வீட்டுக்காரர்கள் நூறு கிராம் பாக்கெட்டை வாங்கி, விருந்தாளி வந்தால் நாலு துண்டு போடுகிறவர்கள். நாங்கள் அப்படியில்லை.

கொட்டகை வேலையை நீங்கள் மறந்திருப்பீர்கள், சொல்கிறேன். அரிந்ததைக் கம்பிவலைத் தட்டுகளில் பரப்பி, கீழே விறகு மூட்டி, அனலில் இரண்டு நாள் காயவைப்போம். முழுத் துண்டுகள் மூட்டைக்குப் போகும். தட்டின் அடியில் நொறுங்கிக் கிடக்கும் தூளை எவனும் வாங்கமாட்டான். அது எங்கள் வீட்டுக்கு. ஆறு பெண்களும் ஆளுக்கொரு பை எடுத்துப் போவார்கள், மீதி எனக்கு. குடைக்கு அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கிற காளான் அதிகம் நொறுங்காது. அடியில் பஞ்சு மாதிரித் துளை துளையாக இருக்கிறதே, பஞ்சுக்காளான், அதுதான் தொட்டால் உதிரும். ஆகவே எங்கள் சூப்பில் எப்போதும் அதுதான். வேளைக்கு ஒரு கைப்பிடித் தூள். எடை போட்டுப் பார்த்தேன், பதினைந்து கிராம்.

எத்தனை ஆண்டுகளாக என்று கேட்டிருக்கிறீர்கள். கல்யாணமான நாளிலிருந்து. உங்கள் அண்ணனும் அப்படித்தான். பத்தொன்பது வருடம், இரண்டு வேளை. மூட்டைகளை நகரத்தில் இறக்கிவிட்டு வந்து வேனை நிறுத்தினதும், கால்கூடக் கழுவாமல் சூப் கேட்பார். நானும் அடுப்பில் தயாராக வைத்திருப்பேன். அதில் எனக்குப் பெருமை.

பாப்பா, ஒன்று கேட்கிறேன். இதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. மருத்துவமனை வராந்தாவில் டாக்டர் வந்துவிட்டுப் போன பிறகு நீ என்னிடம் என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? “காட்ல கெடந்ததையெல்லாம் பொறுக்கிட்டு வந்து ஆக்கிப் போட்டீங்களே அண்ணி.” துக்கத்தில் பிதற்றுகிறாய் என்று எடுத்துக்கொண்டேன். ஆனாலும் அதற்குப் பிறகு உன்னோடு பேச்சு வரவில்லை. இப்போது அதையே முத்திரை குத்திப் பலகையில் ஒட்டியது மாதிரி இருக்கிறது. நீ படித்தவள். அன்றைக்கே உனக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, அதனால்தான் வாயில் வந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

அவர் நெஞ்சில் வந்த கட்டி என் சூப்பால் வந்ததா? ஆமாம் அல்லது இல்லை என்று எழுது.

அண்ணி


அக்டோபர் 6

அண்ணிக்கு,

விவரங்களுக்கு நன்றி. தூளை வீட்டில் உண்பதும், அதில் ஒரே ரகம் அதிகமாக இருப்பதும் எங்களுக்குத் தெரியாத செய்தி. முக்கியமான செய்தி.

பொட்டாசியத்தை விட்டுவிடலாம். காளானில் பொலோனியம் என்று இன்னொன்று இருக்கலாம். அதுவும் இயற்கையானதுதான், ஆனால் உடம்பு அதை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடாது. பழைய அளவீட்டில் அது தெரியாது. தனியாகப் பிரித்தெடுத்து எண்ண வேண்டும். ஐந்தாறு வாரம் ஆகும். மடிப்புக்காளான், பஞ்சுக்காளான், வீட்டுக்கு எடுக்கும் தூள் மூன்றிலும் கால் கிலோ தனித்தனியாக அனுப்ப முடியுமா? இந்த முறை இடம் எழுத வேண்டாம்.

அண்ணனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தனிப்பட்ட ஒருவருடைய நோய்க்கு இன்னதுதான் காரணம் என்று எங்கள் அளவீடுகள் கூறுவதில்லை.

தங்கள் நாத்தனார்


அக்டோபர் 15

பாப்பாவுக்கு,

மூன்று பையும் இத்துடன் வருகின்றன.

உன் கடைசி வாக்கியத்தைக் குட்டையம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “இது என்னக்கா, ரேஷன் ஆபீஸ்ல சொல்ற பதில் மாதிரி இருக்கு” என்றாள். அளவீடுகள் என்ன சொல்கின்றன என்று நான் கேட்கவில்லை. உன்னைக் கேட்டேன். என் புருஷனுக்கு நீ ஒரே தங்கை.

புதுத் தாளை ஒட்டிவிட்டார்கள். சிவப்பு மை இல்லை, சரிவின் பெயரும் இல்லை. வியாபாரி மறுநாளே வந்து மூட்டைகளைத் திரும்ப ஏற்றிக்கொள்கிறேன் என்றார். நியாயமாக இதற்கு நான் மகிழ்ந்திருக்க வேண்டும். கொட்டகைச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நீயே யோசித்துப் பார். என் வீட்டில் ஒரு உயிரைக் கொண்டுபோனதோ இல்லையோ என்று தெரியாத ஒரு பொருளை இன்னொருத்தியின் அடுப்புக்கு எப்படி அனுப்புவது? வரம்பு, அட்டவணை எல்லாம் கடைக்காரனுக்குப் போதும். எனக்குப் போதவில்லை.

இருபது நாளாகக் கொட்டகை பூட்டிக் கிடக்கிறது. மழை விட்டு மழை பெய்கிறது, சரிவு முழுக்கப் பூத்துக் கிடக்கும், அந்த ஏழு பேருக்கு நல்ல காலம். பெண்கள் ஆறு பேரும் தினமும் காலையில் வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். ஒருத்தியும் திறக்கச் சொல்லிக் கேட்பதில்லை. கேட்டால் பரவாயில்லை, திட்டி அனுப்புவேன்.

நான் சூப் வைப்பதில்லை. ரொட்டி தின்கிறேன். என்ன கொடுமை பார், எனக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை. அதே பானை, அதே தூள், அதே பத்தொன்பது வருடம். நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். அவருக்கு மட்டும் ஏன் வந்தது? ராத்திரி பகல் இதே நினைப்பாக இருக்கிறது.

சீக்கிரம் எண்ணு. என்னைத் தேற்றுவதற்காக எதையும் குறைத்துச் சொல்லாதே.

அண்ணி


நவம்பர் 20

அண்ணிக்கு,

முடிவுகள் வந்துவிட்டன. முறையை உங்களுக்குச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நம்பமாட்டீர்கள். காளானை அமிலத்தில் கரைத்து, அந்தக் கரைசலில் ஒரு சின்ன வெள்ளி வில்லையைத் தொங்கவிடுவோம். பொலோனியம் இருந்தால் அதன்மேல் படியும். பிறகு வில்லையை ஒரு மூடிய பெட்டிக்குள் வைத்து நாள்கணக்கில் எண்ணுவோம். எல்லாவற்றையும் நானே செய்தேன், உதவியாளரிடம் விடவில்லை.

கிலோவுக்கு மடிப்புக்காளானில் பதினைந்து பெக்கரல், பஞ்சுக்காளானில் இருநூற்றுப் பத்து, தூளில் நூற்றுத் தொண்ணூறு. இது யாரும் கொண்டுவந்து கொட்டியது அல்ல. மண்ணிலிருந்து ஒரு வாயு எப்போதும் கசிந்து மேலே போகிறது. அது காற்றில் சிதைந்து, பொலோனியமாக மாறுகிற தூசியாகத் திரும்ப இலைச்சருகில் விழுகிறது. பஞ்சுக்காளான் சருகிலிருந்து அதை உறிஞ்சுகிறது. எந்தக் காட்டிலும் இப்படித்தான். வடக்குச் சரிவுக்கு இதில் தனிப் பழி எதுவும் இல்லை.

வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து என்று சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் வருடத்துக்கு அரைக் கிலோகூடத் தாண்டுவதில்லை. நீங்கள் மூட்டைகளை அனுப்பலாம்.

இனி அண்ணன். நாளுக்கு முப்பது கிராம் தூள் என்றால் வருடத்துக்குப் பதினொரு கிலோ. அதிலிருந்து அவர் உடம்பு வாங்கிய கதிர், நாம் எல்லோரும் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் மூச்சுக்காற்றிலிருந்தும் எப்படியும் வாங்குகிற அளவுக்கு ஏறக்குறைய இன்னொரு பங்கு. பத்தொன்பது வருடம் அப்படி வாங்கினால், ஆயிரம் பேரில் கூடுதலாக மூன்று பேருக்குப் புற்று வரலாம் என்பது கணக்கு. அது எப்படியும் ஆயிரத்தில் சில நூறு பேருக்கு வருகிற நோய். அதிலும் விழுங்கிய பொலோனியம் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் மண்ணீரலுக்கும்தான் பெரும்பாலும் போகிறது, நுரையீரலுக்கு அல்ல. ஆமாம் அல்லது இல்லை என்று எழுதச் சொன்னீர்கள். என்னிடம் இருப்பது ‘இல்லை’ என்பதற்கு மிக மிகப் பக்கத்தில் நிற்கிற ஓர் எண். அதைத் தாண்டி நகர்த்தி வைக்க என் படிப்பு இடம் கொடுக்கவில்லை. நீங்களும் பெண்களும் பஞ்சுக்காளான் தூளை வாரத்துக்கு ஒரு வேளையாகக் குறைத்துக்கொள்ளுங்கள், போதும்.

இத்துடன் முடித்து ஒருமுறை உறையில் போட்டு ஒட்டினேன். பிறகு கிழித்தேன்.

உங்கள் மூன்று பைகளோடு நான்காவதாக ஒரு வில்லை எண்ணினேன். அது ஆய்வில் சேராதது, பதிவேட்டில் இல்லை. சிகரெட் புகையிலை. புகையிலையிலும் இதே பொலோனியம் உண்டு. எண்ணிக்கையாகப் பார்த்தால் உங்கள் சூப்பைவிட ரொம்பக் குறைவுதான். ஆனால் அது நேரே நுரையீரலுக்குப் போய் அங்கேயே தங்குகிறது. அதுவும் புகையில் இருக்கிற பல விஷங்களில் ஒன்று மட்டுமே. உண்மையில் இதை எண்ணவே தேவையில்லை. புகை நுரையீரலை என்ன செய்யும் என்று உலகத்துக்கே தெரியும். எழுத ஆரம்பிக்க எனக்கு ஓர் எண் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அண்ணன் சிகரெட்டை விடவில்லை, அண்ணி. உங்கள் தலையில் அடித்துச் சத்தியம் செய்த பிறகும் விடவில்லை. முதல் மூன்று மாதம் விட்டார். பிறகு ஒருநாள் மூட்டைகளை இறக்கிவிட்டு என் வீட்டுக்கு வந்தவர், பின்பக்க மாடிப்படியில் உட்கார்ந்து, “ஒண்ணே ஒண்ணு பாப்பா” என்றார். வாங்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை வருவார், ஒரு மணி நேரம் படியில் உட்கார்ந்திருப்பார், பேசிக்கொண்டிருப்போம். போகும்போது எடுத்துப் போக ஒரு மாதத்துக்கு வேண்டிய சிகரெட் பெட்டிகளை நான் வாங்கித் தயாராக வைத்திருப்பேன். ஊர்க் கடையில் வாங்கினால் உங்கள் காதுக்கு வந்துவிடும் என்று பயந்தார். வேன் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்வார். காட்டில் பிடிப்பார். வீட்டுக்கு வந்ததும் சூப் கேட்பது வாய் நாற்றம் தெரியாமல் இருக்க. அவரே சொல்லிச் சிரித்தார். கொட்டகைப் புகையில் நிற்கிற உங்களுக்கு அவர்மேல் வந்த புகை வாடை வித்தியாசமாகத் தெரியாது என்றும் சொல்வார். பதினொரு வருடம்.

மறுத்திருக்கலாம். ஏன் மறுக்கவில்லை என்று இப்போது யோசித்துப் பார்த்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது. அண்ணன் உங்களிடம் சொல்லாத ஒன்றை என்னிடம் சொன்னார் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

மருத்துவமனையில் டாக்டர் கேட்டபோது, விட்டுப் பதினொரு வருடம் ஆச்சு என்று அவர் சொன்னார். நீங்கள் ஆமாம் என்று தலையாட்டினீர்கள். நான் ஜன்னலோரம் நின்றேன். பிறகு வராந்தாவில் யார் தலையிலாவது பழியைப் போட வேண்டியிருந்தது. நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள். அன்றைக்கு எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. காளானைப் பற்றி ஒன்றும் தெரியாது. சிகரெட்டைப் பற்றித்தான் தெரியும்.

அதனால்தான் வந்தது என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவ்வளவு காலம் புகைத்தவர்களில் நுரையீரல் புற்று வருகிறவர்கள் ஆயிரத்துக்கு மூன்று பேர் அல்ல. நூறு பேருக்கு மேல். உங்கள் சமையல் அவரைக் கொல்லவில்லை.

இதற்குப் பதில் எழுத வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

பாப்பா


டிசம்பர் 14

பாப்பாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாலு நாள் சந்தோஷமாக இருந்தேன். இதை ஒளித்து என்ன ஆகப்போகிறது. நான் இல்லை, என் கை இல்லை என்று வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன். நன்றாகத் தூங்கினேன். ஐந்தாம் நாள் காலையில் விறகு அடுக்கிக்கொண்டிருக்கும்போது கோபம் வந்தது பார், கையிலிருந்த கட்டையைக் கொட்டகைச் சுவரில் எறிந்தேன். தகரம் நெளிந்துவிட்டது.

உன்மேல் பாதி, அவர்மேல் பாதி. அவர்மேல் முக்கால் என்றே வை. இத்தனை வருடம் அடுப்படியில் சூப்போடு காத்திருந்திருக்கிறேன், அந்த மனிதர் வாய் கொப்பளிப்பதற்காகக் குடித்திருக்கிறார். செத்துப்போனவரை வைத்துக்கொண்டு எப்படிச் சண்டை போடுவது? படத்தைப் பார்த்துத் திட்டினேன். அவர் பாட்டுக்கு இளித்துக்கொண்டிருந்தார்.

உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதினேன், ஆறு பக்கம். அதை அனுப்பவில்லை. டாக்டர் கேட்ட அன்றைக்கு நீ வாயைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அதில் நாலு இடத்தில் கேட்டிருந்தேன். வைத்தியம் மாறியிருக்காது என்று எனக்கும் தெரியும். நான் அவரைக் கடைசி நாலு மாதமும் முறைத்துக்கொண்டு இருந்திருப்பேன், அதுதான் நடந்திருக்கும். முறைக்காமல் பார்த்துக்கொண்டேன். அது நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கொட்டகையைத் திறந்துவிட்டேன். பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து நீ எழுதிய எண்களைச் சொன்னேன். குட்டையம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஆயிரத்துல மூணுன்னா நம்ம ஏழு பேர்ல எத்தன?” என்றாள். ஒன்றுமில்லை என்றுதான் வருகிறது என்றேன். “அப்ப கத்திய எடு” என்று அரிய ஆரம்பித்துவிட்டாள். இருந்தாலும் பஞ்சுக்காளான் தூளை இனிமேல் பைகளில் எடுத்துப் போகக்கூடாது, ஆளுக்கு வாரம் ஒரு கைப்பிடி, மிச்சம் மடிப்புக்காளான் என்று சொல்லியிருக்கிறேன். முணுமுணுக்கிறார்கள். வியாபாரி நாற்பது மூட்டையையும் ஏற்றிப் போனார்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. எழுதினால் பொய்யாக இருக்கும், நமக்குள் பொய் போதும்.

ஆனால் ஒரு கணக்குப் போட்டேன். பள்ளிக்கூடத்துக்கு அதிகம் போகாதவள்தான், இது எனக்கும் வரும். பதினொரு வருடம், மாதம் ஒரு மணி நேரம். நூற்று முப்பத்திரண்டு மணி நேரம் என் புருஷன் உன் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து பேசியிருக்கிறார். அவர் போனதிலிருந்து நான் ஒன்றையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்: பார்த்ததெல்லாம் பார்த்தாயிற்று, கேட்டதெல்லாம் கேட்டாயிற்று, இனி அவரைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. இப்போது பார்த்தால் இவ்வளவு மிச்சம் இருந்திருக்கிறது. உன்னிடம் இருந்திருக்கிறது.

அதனால் லீவு போட்டுவிட்டு வா. அந்தப் படியில் அவர் என்ன பேசினார், யாரைக் கேலி செய்தார், என்னைப் பற்றி என்னென்ன குறை சொன்னார், ஒன்று விடாமல் எனக்குச் சொல்ல வேண்டும். ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடாதே. ஒரு நாளைக்குக் கொஞ்சமாகச் சொல்.

அண்ணி